பச்சைக் கறி உணவுமுறையைத் தொடங்கலாமா? சர்க்கரைக்கும் வயிற்றுக்கும் அது உதவுமா?

பச்சை இறைச்சி உணவுமுறையை எப்படித் தொடங்குவது, முதலில் எந்தக் கறி, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தால் கேள்வி அதைவிடப் பெரியது. நாற்பது வயதில் சர்க்கரை வந்துவிட்டது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல், அப்படியும் உப்புசமும் அசதியும் விட்டபாடில்லை. காணொளியில் ஒருவர் தினம் ஒரு கிலோ பச்சைக் கறியும் ஈரலும் தின்று மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்கிறார். நமக்கும் அது பலிக்குமா என்பதுதான் உங்கள் கேள்வி. கூடவே, கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாட்டு ஆடும் மாட்டுக்கறியும் தாராளமாகக் கிடைக்கிறது, ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் புழு பூச்சி செத்துவிடாதா, வீட்டு நாய் பச்சையாகத்தானே தின்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் கால்நடை மருத்துவன். பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் பணியில் இருந்தவன். ஆடுவதைக் கூடத்தில் கறியைச் சோதித்து முத்திரை போடுவதும் என் வேலையில் ஒரு பகுதி. கறிக்குள் என்ன இருக்கும், அது எதனால் சாகும் என்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். உங்கள் மாத்திரை அளவைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர். அந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காணொளிக்காரருக்கு உடம்பு தேறியது உண்மையாகவே இருக்கலாம். அதற்குக் காரணம் அவர் தின்றது அல்ல, விட்டது. மூன்று வேளைச் சோறு, பரோட்டா, டீக்கடை வடை, பேக்கரி பண்டம், சர்க்கரை போட்ட டீ எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கும் சர்க்கரை இறங்கும், எடை குறையும், உப்புசம் அடங்கும். அதே கறியை வேகவைத்துத் தின்றிருந்தாலும் இதே பலன் வந்திருக்கும். பச்சையாகத் தின்றதால் கூடுதலாக அவருக்குக் கிடைத்தது ஆபத்து மட்டும்தான். ஆகவே மாவுச்சத்தைக் குறைத்து, கறியும் முட்டையும் மீனும் கூட்டிச் சாப்பிடுவது என்றால் தாராளமாகத் தொடங்கலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன். பச்சையாக என்பது மட்டும் வேண்டாம்.

ஏன் என்பதற்கு முதல் காரணம் நீங்கள் காலையில் போடும் பான்டோபிரசோல். வாய் வழியாகப் போகும் கிருமிகளுக்கு உடம்பு வைத்திருக்கும் முதல் காவல் இரைப்பை அமிலம். அந்த மாத்திரையின் வேலையே அமிலத்தைக் குறைப்பது. அதை எடுப்பவர்களுக்கு சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற குடல் தொற்றுகள் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். காவலைத் தளர்த்தி வைத்துக்கொண்டு பச்சைக் கறியை உள்ளே விடுவது உங்களைப் பொறுத்தவரை இரட்டிப்புத் தவறு. சர்க்கரை உள்ளவருக்குத் தொற்று வந்தால் அது லேசில் அடங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கறி நம் கைக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். உயிரோடு இருக்கும் நல்ல ஆட்டின் தசைக்குள் பெரும்பாலும் பாக்டீரியா இருக்காது. அவை இருப்பது குடலிலும் தோலிலும். உரிக்கும்போதும் குடலை இறக்கும்போதும்தான் கறியின் மேற்பரப்பில் ஒட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கடையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் அறுத்த ஆடு வெயில் ஏறும்வரை வாசல் கம்பியில் தொங்குகிறது. குடலை அலசிய கைதான் தொடையைப் பிடிக்கிறது. தலைக்கறி, கால், குடல், தொடை எல்லாம் ஒரே வெட்டுக்கட்டையில், ஒரே கத்தியில். கட்டையின் நடுக்குழியில் தேங்கிய ஈரத்தை அதே துணியால்தான் துடைக்கிறார்கள். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையே பாக்டீரியா வேகமாகப் பெருகும், நம் ஊர்க் காலை வெயில் அதற்கு நடுவில் வருகிறது. கடைக்காரரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கறி குழம்பில் ஒரு மணி நேரம் கொதிக்கப் போகிறது என்ற நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம் அது. நம் சமையல் அதற்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. உப்புக்கண்டத்தைக்கூட, உப்பும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய வைத்த பிறகும், வறுத்தோ சுட்டோதான் தின்கிறோம்.

பச்சையாகவே உண்ணும் நாடுகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. ஜப்பானில் பச்சைக் கறிக்கென்று தனிக் கவனத்தோடு வெட்டிக் குளிரவைத்து விற்பார்கள். அங்கேயே 2011-இல் உணவகங்களில் பச்சை மாட்டுக்கறி தின்றவர்களுக்கு ஈ.கோலை கிருமி தாக்கி 5 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு பச்சை மாட்டு ஈரல் விற்பதையே அரசு தடை செய்தது, 2015-இல் பச்சைப் பன்றிக்கறிக்கும் தடை வந்தது. எத்தியோப்பியாவில் பச்சை மாட்டுக்கறி விருந்துச் சாப்பாடு. கூடவே கோசோ என்ற மரத்தின் பூவைக் குடித்து நாடாப்புழுவை வெளியேற்றும் வழக்கமும் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. துருவப் பகுதி இன்யூயிட் மக்கள் உறைந்த கறியைப் பச்சையாகத் தின்றார்கள். வால்ரஸ் கறி வழியாக டிரிக்கினெல்லா புழு நோய் பரவிய நிகழ்வுகளும் அவர்களிடையே பதிவாகியிருக்கின்றன. முன்னோர் தின்றார்கள் என்பது மெய். அதனால் நோயும் பட்டார்கள் என்பதும் மெய். நெருப்பை மனிதன் கையாண்டதற்கான தடயம் தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் ஆண்டு பழமையானதாகக் கிடைத்திருக்கிறது. பச்சைக் கறிதான் இயற்கை என்றால், வெந்த கறியும் நமக்கு அந்த அளவுக்குப் பழைய இயற்கை.

இனி புழுக்கள். இதில் காணொளிகளில் ஏகப்பட்ட குழப்பம், பயமுறுத்துபவர்கள் சொல்வதிலும் தவறுகள் உண்டு. மாட்டுக்கறியைச் சோதிக்கும்போது தாடைத் தசை, நாக்கு, இதயம், உதரவிதானம் இவற்றைக் கீறிப் பார்ப்போம். நாடாப்புழுவின் இளம்பருவம் அங்கே உளுந்து அளவில் வெண்ணிறக் கொப்புளமாக, உள்ளே நீரோடு ஒரு வெள்ளைப் புள்ளியுமாக இருக்கும். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் நாலு கீறலில் கண்ணுக்குத் தப்பவும் கூடும். அதை உயிரோடு விழுங்கினால் குடலில் பல மீட்டர் நீள நாடாப்புழுவாக வளரும். அருவருப்பான நோய், ஆனால் மாத்திரையில் தீரும். பன்றி நாடாப்புழு வேறு ரகம். பச்சைப் பன்றிக்கறி தின்றவர் குடலில் புழு வளர்ந்து, அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, கழுவாத கை, தண்ணீர், காய்கறி வழியாக வாய்க்குள் போனால் மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பு வரும். நம் நாட்டில் வலிப்பு நோய்க்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. கறி தின்றவருக்கு மட்டுமல்ல, அவர் கையால் சமைத்ததைச் சாப்பிடும் வீட்டாருக்கும் வரலாம்.

ஆட்டு ஈரலை வாங்கும்போது சில சமயம் பக்கத்துச் சவ்வில் எலுமிச்சை அளவில் நீர்ப்பை ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கத்தான் பயங்கரம், அது மனிதனுக்குத் தொற்றாது. அது நாய்க்குப் போகும் புழு. ஆனால் பார்வைக்குப் பளபளவென்று சுத்தமாக இருக்கும் ஈரலில் கண்ணுக்குத் தெரியாத டாக்ஸோகாரா புழுவின் குஞ்சுகள் இருக்கலாம். பச்சை ஈரல் வழியாக அவை மனிதனின் ஈரலுக்கும் கண்ணுக்கும் போய்ச் சேர்வதை ஜப்பானிய, கொரிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தசையைப் போலன்றி ஈரலின் உட்புறத்திலேயே கிருமி இருக்கக்கூடும். ஜப்பான் ஈரலைத் தடுத்ததற்குக் காரணமும் அதுதான். ஆக, அந்தக் காணொளிக்காரர் தின்ற பச்சை ஈரல்தான் பட்டியலிலேயே மோசமான தேர்வு. கிருமியை விட்டுவிட்டாலும் 100 கிராம் மாட்டு ஈரலில் சுமார் 5,000 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 3,000. வாரம் ஒருமுறை வறுத்துத் தின்றால் நல்ல சத்து, தினம் தின்றால் நாளடைவில் அதுவே நம் ஈரலுக்குக் கேடு. கர்ப்பிணிகளுக்கு ஈரல் அளவு மீறவே கூடாது, கருவைப் பாதிக்கும். அதேபோல் கருவைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி ஆட்டுத் தசைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத நுண்கட்டியாக இருக்கக்கூடும் என்பதால், வேகாத ஆட்டுக்கறியை அவர்கள் தொட்டாலும் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

மலையோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொன்றும் உண்டு. மூச்சிழுப்புக்கும் மூட்டுவலிக்கும் உடும்பு நல்லது என்று பச்சை ரத்தமும் கறியும் கொடுக்கும் பழக்கம் தமிழ்நாடு, கேரளம் இரண்டு பக்கமும் இன்னும் சாகவில்லை. எலியின் நுரையீரலில் வாழும் புழு ஒன்று நத்தை வழியாக உடும்புக்குப் போய், அதைப் பச்சையாகத் தின்றவரின் மூளையுறையைத் தாக்குகிறது. தாங்க முடியாத தலைவலியோடு மருத்துவமனைக்கு வந்த அப்படிப்பட்ட நோயாளிகளைக் கேரளத்து மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உச்ச பாதுகாப்பில் உள்ள உயிர், பிடிப்பதே குற்றம். காட்டுப்பன்றியும் வேண்டாம். 2022-இல் அதிரப்பள்ளிக் காட்டில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளுக்கு அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் உறுதியானது. திடீரென்று செத்த ஆட்டையோ மாட்டையோ மலிவாகக் கூறு போட்டு விற்றால், பச்சையாக என்ன, வேகவைத்துக்கூடச் சாப்பிடாதீர்கள். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்திருந்தால் அந்த உடலைத் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். அதன் வித்துகள் கொதிநீரிலும் எளிதில் சாகாதவை.

ஃப்ரீசர் விஷயத்துக்கு வருகிறேன். உறையவைப்பது பல புழுக்களைக் கொல்லும், பாக்டீரியாவைக் கொல்லாது, தூங்க மட்டும் வைக்கும். கறியை வெளியே எடுத்து இளக்கியதும் அவை விழித்துப் பெருகும். மாட்டுக்கறியிலுள்ள நாடாப்புழுக் கொப்புளம் மைனஸ் 10 டிகிரியில் 10 நாள் இருந்தால் சாகும். பன்றிக்கறியிலுள்ள டிரிக்கினெல்லாவுக்கு மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் என்பது நடைமுறை அளவு. இந்தக் கணக்கெல்லாம் குளிர் விடாமல் நின்றால்தான். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பல வீடுகளில் மைனஸ் 10-ஐத் தொடுவதே சிரமம், நடுவில் கரண்ட் போனால் கணக்கு முழுக்கக் கெட்டது. நன்றாக வெந்த கறியில் இந்தக் கவலை எதுவும் இல்லை. கோழிக்கு நடுத்துண்டில் 74 டிகிரி, கொத்துக்கறிக்கு 71 டிகிரி வந்தால் போதும். குக்கரில் 120 டிகிரி வரை போகிறது.

வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்பதுதான் பச்சைக் கறிக்காரர்களின் பெரிய வாதம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. பி1 வைட்டமின் சூட்டில் குறையும், கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். நாம் கறித்தண்ணீரைக் கொட்டுவதில்லை, ரசமும் குழம்புமாகக் குடித்துவிடுகிறோம். இரும்பு, துத்தநாகம், பி12 பெரும்பாலும் அப்படியே நிற்கும். எலும்போடு கொதிக்கும்போது கடினமான இணைப்புத் திசு கரைந்து எளிதில் செரிக்கும், உப்புசக்காரருக்கு இது முக்கியம். பச்சைக் கறியிலுள்ள என்சைம்கள் செரிமானத்துக்கு உதவும் என்பது நிற்காத வாதம், அவையும் புரதம்தான், மற்ற புரதத்தைப் போலவே செரிக்கப்பட்டுவிடும். அவர்கள் சொல்வதில் நான் முழுக்க ஒப்புக்கொள்வது ஒன்று. கறியைக் கருகக் கருகச் சுட்டால் உடம்புக்கு ஆகாத வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அதற்குத் தீர்வு ஆவியிலும் குழம்பிலும் வேகவைப்பது.

உறுதியாகச் சொல்ல முடியாத இடமும் இருக்கிறது. கறியை மட்டுமே பல ஆண்டு தின்றால் என்ன ஆகும் என்பது இன்னும் தீராத விவாதம். வில்ஜால்மர் ஸ்டெஃபான்சன் என்ற துருவப் பயணியும் அவருடைய தோழரும் 1928-இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் கண்காணிப்பில் தொடங்கி ஓராண்டு இறைச்சி மட்டுமே தின்று நன்றாகவே இருந்தார்கள். அவர்கள் தின்றதில் பெரும்பங்கு சமைத்த கறி. கொழுப்பில்லாத கறி மட்டும் கொடுத்த சில நாளிலேயே ஸ்டெஃபான்சனுக்கு உடம்பு கெட்டது. இரண்டு பேர், ஓராண்டு என்பதை வைத்து வாழ்நாளுக்கும் முடிவு கட்ட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், ஆடு மாடு பன்றிக் கறியை அநேகமாக உண்டாக்கக் கூடியது என்றும் வகைப்படுத்தியது. இரண்டாவதற்கான ஆதாரம் முதலாவதைவிட மெலிந்தது. மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்பதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை.

அந்த உறுதிதான் உங்களுக்கு உடனடி ஆபத்தும். கிளிமிபிரைடு நீங்கள் சோறு தின்கிறீர்களா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சோற்றை நிறுத்திவிட்டு அதே மாத்திரையைப் போட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி, கை நடுங்கி வியர்த்து மயங்கிவிடலாம், பைக் ஓட்டும்போது வந்தால் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரைச் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ஏதாவது இருந்தால் இன்னும் கவனம். மாவுச்சத்து அறவே இல்லாதபோது, மீட்டரில் சர்க்கரை அவ்வளவு ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் நிலை அந்த மாத்திரைகளில் வரக்கூடும். அதனால் சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்த்து, இப்படிச் சாப்பிடப் போகிறேன், மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள். ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின், யூரிக் அமிலம், கொழுப்பு அளவு நான்கையும் தொடக்கத்திலும் மூன்று மாதம் கழித்தும் எடுங்கள். கிரியாட்டினின் கூடுதலாக இருந்தால் கறியின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மினும் பான்டோபிரசோலும் நெடுநாள் எடுத்தால் பி12 குறையும், உங்கள் அசதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதையும் சோதித்துப் பாருங்கள். கறி, முட்டை, மீன் கூட்டுவது இதற்கு நல்லதே.

அளவு என்று பார்த்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் பரிந்துரைக்கிறது. 70 கிலோ எடைக்கு 58 கிராம். 100 கிராம் ஆட்டுக்கறியில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். நீங்கள் கூடுதலாகவே எடுக்க நினைத்தாலும் இரண்டு முட்டையும் 250 கிராம் கறியோ மீனோ தாராளம், ஒரு கிலோ தேவையே இல்லை. முதலில் ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் சோறு, பரோட்டாவை எடுத்துவிட்டு நெஞ்செலும்புக் குழம்பும் கீரைப் பொரியலும் வையுங்கள். காலையில் ஆப்பம் புட்டுக்குப் பதில் முட்டையும் சுண்டலும். மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயும் மத்தி மீன் குழம்பும். இப்படி இரண்டு வாரம் போய், மீட்டரில் என்ன காட்டுகிறது என்று பார்த்து அடுத்ததைக் குறையுங்கள். காயை முழுக்க விட்டுவிடாதீர்கள், கறியில் நார்ச்சத்து துளியும் இல்லை, மலச்சிக்கல் வந்தால் மறுபடி வயிறு உப்பும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேகாத கறி ருசிக்க வேண்டும் என்றால், கோழி, பன்றி, கொத்துக்கறி, ஈரல், குடல் இவற்றை ஒருபோதும் தொடாதீர்கள். முழுத் துண்டு மாட்டுத் தசையை, உறைகுளிர் நன்றாக நிற்கும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, இளகியதும் எல்லாப் பக்கமும் கல்லில் சுட்டு, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்படி சாப்பிடலாம். ஆபத்து குறையும், போகாது. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய்கூட ஊட்டாதீர்கள். ஈ.கோலை தாக்கினால் குழந்தைகளின் சிறுநீரகம்தான் முதலில் கெடும். பச்சைக் கறி தொடங்கியதும் வரும் பேதியை நச்சு வெளியேறுகிறது என்று அந்தக் காணொளிகளில் சொல்கிறார்களே, அதை நம்பவே நம்பாதீர்கள். காய்ச்சலோடு பேதி, மலத்தில் ரத்தம், மூன்று நாளுக்கு மேல் நிற்காத வயிற்றுப்போக்கு என்றால் அது தொற்று. அன்றைக்கே மருத்துவரிடம் போய், பச்சைக் கறி தின்றேன் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக நாய். நாய்க்கு ஒன்றும் ஆவதில்லை என்று தோன்றுவது, அதற்கு நோய் வெளியே தெரியாததால். சால்மோனெல்லாவை எந்தக் குறியும் காட்டாமல் மலத்தில் விட்டுக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியம், ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் உண்டாகும் ஹைடாடிட் என்ற நீர்க்கட்டி (முன்பு சொன்ன, சவ்வில் தொங்கும் நீர்ப்பை வேறு). இந்தக் கட்டியை நாய் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் சிறு நாடாப்புழுக்கள் ஆயிரக்கணக்கில் வளர்ந்து முட்டை போடும். முட்டை நாயின் மலத்திலும் மயிரிலும் இருக்கும், அதைக் கொஞ்சி விளையாடும் குழந்தையின் வாய்க்குப் போனால் பல ஆண்டு கழித்து ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாகத் தெரிந்து, அறுவை சிகிச்சைவரை கொண்டுபோகும். கசாப்புக் கடையில் சும்மா தரும் நுரையீரலையும் கழிவையும் நாய்க்கு அரை மணி நேரம் கொதிக்க வைத்துப் போடுங்கள். பிராசிகுவான்டெல் சேர்ந்த புழு மாத்திரையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எடைக்கு எவ்வளவு என்று பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் கேட்டு இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.